சந்தேகம் தீர உரசிய தங்கம்

கொக்கரப்பட்டி ஆண்களுக்குத் தங்கள் ஓடையில் தங்கம் இருக்கிறது என்பதில் சந்தேகமே கிடையாது. அதைக் கண்டுபிடிக்கும் மூளை தங்களுக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது என்பதிலும் கிடையாது. மழை விட்டதும் ஆளுக்கொரு சட்டியோடு ஓடையில் இறங்கி மணலை அலசுவார்கள். அடியில் கனமாகத் தங்குவதை அழுக்கு என்று கொட்டிவிட்டு, மேலே மிதக்கும் நுரையைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் வெள்ளையப்பனுக்கு ஒரு கட்டி கிடைத்தது. தேடிக் கிடைத்ததல்ல, காலில் குத்திக் கிடைத்தது. புளியங்கொட்டை அளவு, நல்ல மஞ்சள். முள் என்று பிடுங்கி எறியப் போனவன், வெயிலில் அது மின்னியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

காரணம் அன்னக்கொடி. கட்டினால் அவளைத்தான் கட்டுவது, இல்லாவிட்டால் சட்டியோடு ஓடையிலேயே கிடக்க வேண்டியதுதான் என்று அவன் எப்போதோ முடிவு செய்திருந்தான். அவள் அப்பா கருத்தபாண்டி முடிவாகச் சொல்லியிருந்தார்: "ஓடைத் தங்கம் கழுத்துல ஏறணும் மாப்ளே. அப்பத்தான் கல்யாணம். இந்த முகூர்த்தம் தவறுச்சுன்னா கீழூர்ப் பையனுக்கு வெத்தல பாக்கு மாத்திருவேன்."

கட்டி தங்கமா, தங்கம் என்றால் என்ன பெறும்? ஊர் கூடியது.

"கடிச்சுப் பாக்கணும். பல்லு பதிஞ்சா தங்கம்" என்றான் தொப்பளான். ஒரு தடவை டவுனுக்குப் போய்வந்தவன் என்பதால் அவனுக்கு உலக அனுபவம் உண்டு.

"இது பெரிய காரியம். பெரியவங்கதான் கடிக்கணும்" என்று கட்டியை வாங்கிக்கொண்டார் நாட்டாமை அங்குராசு. அவர் வாயில் ஒரு பல்கூட இல்லை. நெடுநேரம் ஈறால் கடித்துவிட்டு வெளியே எடுத்தார். ஊரே குனிந்து பார்த்தது.

"பல்லு பதியல. தங்கம் இல்ல" என்றார் நாட்டாமை.

வெள்ளையப்பன் கட்டியை வாங்கி வேட்டியில் துடைத்தான். "மாமா, நம்ம ஊர் ஈறை வச்சு மட்டும் முடிவு பண்ணிர வேணாம். டவுன் பத்தர்கிட்டக் கேப்போமே."

நியாயம்தான் என்றார்கள். ஆனால் விலையுள்ள பொருளைப் பேருந்தில் கொண்டுபோவது ஆபத்து. அதனால் கட்டியை ஓடைப் பாறைமேல் வைத்துவிட்டு, அதன் அளவை மட்டும் கொண்டுபோனார்கள். வெள்ளையப்பன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அளவைப் பிடித்துக்கொண்டான். நடத்துநர் சீட்டுக் கொடுத்தபோதுகூட அந்தக் கையை நீட்டாமல் வாயால் கவ்வி வாங்கினான்.

பத்தர் கண்ணாடியைத் தூக்கி அவன் விரல்களைப் பார்த்தார். "எங்கய்யா பொருளு?"

"இதோ, நடுவுல. எம்புட்டுப் பெறும்னு பாத்துச் சொல்லுங்க."

"காத்தையா உருக்கச் சொல்ற?"

"அளவு சரியா இருக்குங்க. வழியில கொசு கடிச்சப்பகூட நான் அசைக்கல."

பத்தருக்கு வேறு வேலை இருந்தது. "ஊருக்குப் போயி, சந்தேகம் தீர்ற வரைக்கும் கல்லுல உரசிப் பாருங்க. கோடு மஞ்சளா விழுந்தா எடுத்துட்டு வாங்க. அப்புறம் எடை போட்டு விலை சொல்றேன். கையை மடக்குய்யா, பாக்கவே வலிக்குது."

திரும்பி வந்து, ஓடைக் கரையிலிருந்த பெரிய கரும்பாறையில் வெள்ளையப்பன் கட்டியை வைத்து ஓர் இழு இழுத்தான். பளிச்சென்று மஞ்சள் கோடு.

"தங்கம்!" என்று குதித்தான். "நான் இப்பவே பத்தர்கிட்ட..."

"உன் சந்தேகம் தீந்திருச்சு. என் சந்தேகம்?" என்றார் நாட்டாமை. அவர் ஒரு கோடு இழுத்தார்.

"இது வெள்ளையப்பன் கோட்டைவிட வெளுப்பா இருக்கே" என்று தொப்பளானுக்குச் சந்தேகம். அவன் நாலு கோடு இழுத்தான். நாலில் எது உண்மையான கோடு என்று அடுத்தவனுக்குச் சந்தேகம். சந்தேகம் கிடைக்காதவர்கள் பக்கத்தில் இருந்தவனிடம் வாங்கிக்கொண்டார்கள். வெள்ளையப்பன் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே நின்றான். யாராவது போதும் என்று சொல்வார்களா என்று காத்திருந்தான். தானே சொல்லலாம் என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

பொழுது சாயும்போது கடைசி ஆள் உரசிவிட்டு நிமிர்ந்தான். "எனக்குச் சந்தேகமே இல்ல. சுத்தத் தங்கம்."

"குடு" என்று கை நீட்டினான் வெள்ளையப்பன். கடைசி ஆளின் விரல் நுனியில் ஒன்றுமில்லை.

"எங்கயும் போகலடா" என்று தேற்றினார் நாட்டாமை. "மொத்தமும் பாறையிலதான் இருக்கு. நாம எல்லாரும் சாட்சி."

முகூர்த்த நாளில் பாறைக்குப் பக்கத்திலேயே பந்தல் போட்டார்கள். கருத்தபாண்டி பாறையைச் சுற்றி வந்து பார்த்தார். "தங்கம் இருக்கு, ஒத்துக்கறேன். கழுத்துல எப்படி ஏறும்?"

பெரிய விவாதம் நடந்தது. தொப்பளான்தான் வழி சொன்னான். "உரசினதாலதானே கட்டியிலருந்து பாறைக்குப் போச்சு? பாறையில கழுத்தை உரசினா, அது கழுத்துக்கு வந்துதானே ஆகணும்?"

அந்த யோசனையில் ஒருவருக்கும் குறை தெரியவில்லை. அன்னக்கொடியைப் பாறைக்கு அழைத்தார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"ஏறுதா இல்லையான்னு முதல்ல மாப்ள உரசிக் காட்டட்டும். எனக்கும் சந்தேகம் இருக்கும்ல?"

சந்தேகம் என்ற பிறகு மறுக்க முடியுமா? வெள்ளையப்பன் பாறைமேல் குப்புறப் படுத்துக் கழுத்தை உரசினான். அந்த நேரம் பார்த்து ஐயர் நேரமாகிவிட்டது என்று கத்த, கெட்டிமேளம் முழங்க, ஊர் மொத்தமும் பழக்கதோஷத்தில் அட்சதையை வீசியது. அவன் எழுந்தான். தோல் வழன்ற கழுத்தில் மெல்லியதாக ஒரு மஞ்சள் கீற்று மின்னியது.

மேளம் நின்றது. நாட்டாமை கீற்றைப் பார்த்தார், கருத்தபாண்டியைப் பார்த்தார், மறுபடி கீற்றைப் பார்த்தார்.

"கெட்டிமேளம் கொட்டியாச்சு. தங்கமும் ஏறியாச்சு. ஆனா இவன் கழுத்துல" என்றார்.

"அப்ப முறைப்படி இவன்தான் எங்க வீட்டுக்கு வரணும்" என்றார் கருத்தபாண்டி.

ஊர் சரி என்று தலையாட்டியது. அன்னக்கொடி முன்னே நடந்தாள். வெள்ளையப்பன் தலை குனிந்து, அவளுக்கு மூன்றடி பின்னால், அம்மாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து விம்மிக்கொண்டே போனான். கருத்தபாண்டி வீட்டு வாசலில் ஆரத்தி காத்திருந்தது. நாட்டாமை அவன் கண்ணைத் தன் துண்டால் துடைத்துவிட்டார்.

"அழாத தாயி. பொறந்த வீட்டுலயே இருந்துர முடியுமா? வலது காலை எடுத்து வச்சு உள்ள போ."