ஈரத் தலை

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் அண்ணனும் தம்பியும் ஒரே அரியணைக்கு அடித்துக்கொண்டார்கள். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? வெந்தது ஊர்தான். ஒரே வீட்டில் ஒருவன் அண்ணன் படைக்கும் ஒருவன் தம்பி படைக்கும் போனான்.

அரசன் அண்ணன்காரன். ஆற்றங்கரைப் போரை அவனுக்கு வென்று கொடுத்தவன் தளபதி மழவராயன். எதிரிப் பிணங்களுக்கு நடுவே மழவராயன் தன் உடன்பிறந்தவனைக் கண்டான். ஆற்றில் இறங்கி, இழவுக்கு முழுகுவதுபோல முழுகி எழுந்தான். அது போதாதா? அவன் பதவிமேல் கண் வைத்திருந்த மந்திரி சேனாவரையன் சபையில் எழுந்தான்.

"மன்னர் பெருமானே! பகைவன் சாவுக்கு நீராடியவன் பகைவனுக்கு உறவு. தங்களுக்கு எப்படி உண்மையாக இருப்பான்?"

"விடிந்ததும் அவன் தலையை வாங்குங்கள்" என்றான் அரசன்.

அரசவை விகடகவி கூத்தபிரான் முன்னே வந்தான். "அரசே, இந்த ஊரில் இழவு விழாத வீடு எது?"

"அப்படியா? பகைவனுக்காகத் தலை நனைத்தவர் எவராயினும் கயிற்றில் கட்டி இழுத்து வா. பொழுது சாய்வதற்குள் ஒருவரையாவது கொண்டுவராவிட்டால் உன் தலையும் போகும்."

கூத்தபிரான் கயிறும் கையுமாகத் தெருத்தெருவாக நடந்தான். உத்தரவு அவனுக்கு முன்னே ஓடியிருந்தது. கிணற்று ராட்டினம் ஒன்றுகூடச் சுற்றவில்லை. பெண்கள் வறண்ட தலையோடு, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதார்கள். பாவம், அழுகையைக்கூட ஒளித்துவைக்க வேண்டிய காலம்.

பொழுது சாயும் நேரத்தில் குதிரைவீரன் ஒருவன் வந்தான். காயத்தோடு தப்பி ஓடிய அரசனின் தம்பி காட்டில் இறந்துவிட்டானாம். "ஒழிந்தான் துரோகி!" என்று சொல்லிவிட்டு அரசன் உள்ளே போனான். சேனாவரையன் கற்கண்டு வழங்கினான். கூத்தபிரான் மட்டும் அரண்மனைக் குளத்துக்கு நடந்தான்.

அங்கே அரசன், துணைக்கு ஆளில்லாமல், ஈரத் தலையோடு படியேறிக்கொண்டிருந்தான்.

கூத்தபிரான் கயிற்றை நீட்டினான். "எவராயினும் என்று தாங்களே சொன்னீர்கள், அரசே. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும். கையை நீட்டுங்கள்."

அரசன் சிரித்தான். சிரித்துக்கொண்டே விம்மினான்.

"மழவராயனை அவிழ்த்துவிடச் சொல். உத்தரவும் ஒழியட்டும். உனக்கு என்ன வேண்டும்? கேள், தருகிறேன்."

"இந்தக் குளத்தில் ஒரு முழுக்கு, அரசே. தங்கள் தம்பிக்காக ஆற்றங்கரையில் செத்தவர்களில் என் மகனும் ஒருவன்."

அரசன் கயிற்றை வாங்கிக்கொண்டு வழிவிட்டான்.

அன்றிரவு ஊர்க் கிணறுகளிலெல்லாம் ராட்டினம் சுற்றிய சத்தம் விடியும்வரை ஓயவில்லையாம்.