உச்சி வேளைத் தச்சர்கள்

வெகு காலத்துக்கு முன்னால் தாழையூர் நாட்டை விசயகேது என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் பிடித்தது மாலையில் பிடிக்காது அவனுக்கு. நல்ல தச்சர்கள் கூடுதல் கூலிக்காகப் பக்கத்து நாட்டுக்குப் போகிறார்கள் என்று ஒருநாள் கேள்விப்பட்டான். அதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கோட்டைக் காவல் தலைவன் சேந்தன் ஒரு வழி சொன்னான். மந்திரி பதவிமேல் ரொம்ப நாளாக ஒரு கண் அவனுக்கு. கைதேர்ந்த நாற்பது தச்சர்களைப் பிடித்துக் கோட்டைக்குள் அடைத்து வேலை வாங்கினால் எவன் வெளியே போவான் என்று கேட்டான். மந்திரி நன்னயர் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ராஜா கேட்கவில்லை. கோட்டை வாசலுக்குப் பெரிய தேக்குக் கதவு ஒன்றை அவர்களையே செய்யச் சொல்லி, அந்த நாற்பது பேரையும் அதற்குப் பின்னாலேயே வைத்துப் பூட்டினான்.

மூன்று வருஷத்தில் பதினொரு பேர் செத்துப்போனார்கள். மற்றவர்கள் கையில் உளியைக் கொடுத்தாலும் விரல் மடங்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை.

அந்தப் புரட்டாசியில் பெரிய ஏரியின் மதகுப் பலகை உளுத்துப்போயிருப்பதைக் காவலாள் பார்த்தான். மழை வந்தால் ஏரி ஊருக்குள் இறங்கிவிடும். ராஜாவே பதறிக்கொண்டு தச்சர் தெருவுக்குப் போனான்.

தெருவில் மரம் அறுக்கும் வாள் சத்தம் இல்லை, இழைப்புளி சீவிய மரச்சுருள் இல்லை. வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்றார்கள். ஒருவர் முகத்திலும் எந்தச் சலனமும் இல்லை. உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு ஏறிய ஒருவர் தனக்கு ஆடு மேய்க்க மட்டும்தான் தெரியும் என்றார். உளி என்றால் என்ன என்று ஒரு பெண் கேட்டாள். வீட்டுக்கு வீடு கொல்லையில் ஆள் நீளத்துக்கு ஒரு மண்மேடு, மேலே சாணம் மெழுகியிருந்தது. உள்ளே என்ன என்று கேட்க ராஜாவுக்குத் துணிவு வரவில்லை.

அரண்மனைக்குத் திரும்பியதும் நன்னயர், மதகுப் பலகையைத் தானே செய்வதாகச் சொன்னார். சேந்தன் வாய்விட்டுச் சிரித்தான். மந்திரி கடைவீதி நடுவில், எல்லோரும் பார்க்க, பச்சை மாமரத்தை அறுத்து ஒரு பலகை செய்தார். இணைப்புகளில் விரல் நுழைந்தது. கீழ் விளிம்பு கோணிக்கொண்டு நின்றது. இதைத்தான் ஏரியில் பொருத்தப்போகிறோம் என்று பறையறைந்து ஊருக்குச் சொன்னார்.

மறுநாள் உச்சி வேளை. வெயிலுக்குப் பயந்து ஊர் அடங்கிக் கிடந்தது. வெயில் தாழ்ந்து ஜனங்கள் வந்து பார்த்தபோது பலகையில் ஒரு இடுக்கு காணோம். அதற்கு மறுநாள் இன்னும் இரண்டு அடைபட்டிருந்தன. மரத்தூள்கூடக் கீழே கிடக்கவில்லை. ஊரில் பேச்சுக் குறைந்தது.

சேந்தன் சபையில் எழுந்து, பலகையைச் சரிசெய்பவை தன் மந்திரத்துக்குக் கட்டுப்பட்ட பூதங்கள் என்றான். ராஜா கைவளையைக் கழற்றிக் கொடுத்தான். அடுத்த உச்சிக்குச் சேந்தன் வேப்பிலையோடு பலகை பக்கத்தில் உட்கார்ந்தான். அன்று ஒன்றும் நடக்கவில்லை. பூதங்கள் கோபித்துக்கொண்டன, இன்னும் நாற்பது பேரைப் பிடித்து அடைத்தால்தான் மனம் இறங்கும் என்றான்.

"நாளை ஒரு நாள் பொறுக்க வேண்டும். காவல் இல்லாமல் என்னோடு வாருங்கள், அரசே" என்றார் நன்னயர்.

இருவரும் நெல் கிடங்கின் மேல் ஜன்னலில் மறைந்து நின்றார்கள். நிழல் காலடிக்குள் சுருங்கியது. முதலில் ஒருவர் வந்தார். தலையில் முக்காடு, வெறுங்கால். துணி சுற்றிய மரக் கொட்டாப்புளியால் மூன்று தட்டு, அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார். அடுத்து ஒரு பெண் வந்து விளிம்பை இழைத்துச் சுருளை மடியில் கட்டிக்கொண்டு போனாள். அப்புறம் இன்னொருவர், இன்னொருவர். யாரும் யாரையும் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. கானலுக்குள்ளிருந்து வந்து கானலுக்குள் போவதைப் போல இருந்தது.

"பிடிக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டான் ராஜா.

"பிடித்தால் நாளைக்கு இவர்களும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவார்கள். நாற்பது பேரைப் பூட்டி வைத்தோம், நானூறு பேர் ஒளிந்துகொண்டார்கள். பிள்ளைகளுக்குக்கூடத் தொழில் சொல்லித் தரப் பயப்படுகிறார்கள்."

கடைசியாக வந்தவர் கரித்துண்டால் பலகையில் எழுதிவிட்டுப் போனார். இருவரும் இறங்கிப் போய்ப் படித்தார்கள். 'மரம் பச்சை. தண்ணீர் தாங்காது.'

"வேண்டுமென்றுதான் பச்சை மரம் எடுத்தேன். இந்த நாட்டில் காய்ந்து முற்றிய தேக்கு ஒரே இடத்தில்தான் இருக்கிறது" என்றார் மந்திரி.

ராஜா கோட்டைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு கதவைக் கழற்றச் சொன்னான்.

கதவு போன வாசல் வழியாக இருபத்தொன்பது பேர் வெளியே வந்தார்கள். வெளிச்சத்துக்குக் கண் கூசியது. பதினொரு வீட்டுப் பெண்கள் கடைசி ஆள் வந்த பிறகும் அந்த வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ராஜா அவர்கள் முன்னால் போய்க் கிரீடத்தை எடுத்துவிட்டுத் தலை குனிந்தான்.

இனிமேல் யாரும் எங்கேயும் போகலாம், வரலாம். ஊர்க் கூலி பக்கத்து நாட்டுக் கூலிக்குக் குறையாது. தொழில் சொல்லித் தருகிறவர்களுக்குத் தனிச் சம்பளம் என்று அறிவித்தார்கள். மூன்றாம் நாள், கொல்லை மண்மேடுகளைத் தோண்டி எடுத்த வாளும் உளியுமாகத் தெருவே ஏரிக்கு வந்தது. மழைக்கு ஒரு நாள் முன்னால் தேக்குப் பலகை மதகில் இறங்கியது.

சேந்தனிடமிருந்து கைவளை நன்னயர் கைக்கு வந்தது. அவனுடைய பூதங்களிடமே தொழில் கற்றுக்கொள்ளச் சொல்லி ராஜா அவனைத் தச்சர் தெருவுக்கு அனுப்பினான். ஒரு வருஷம் இழைத்தும் அவன் பலகை நேராக வரவில்லை.

விடுதலையானவர்களில் வேம்பன் என்று ஒருவன் கதவு கழற்றிய மறுநாளே மூட்டை கட்டி எல்லை தாண்டினான். தடுக்கவா என்று காவலர்கள் கேட்டார்கள். போகட்டும் என்றான் ராஜா. அது அவனுக்குச் சுலபமாக இல்லை.

தை மாதம் வேம்பன் ஆறு பேரோடு திரும்பி வந்தான். எல்லோர் தோளிலும் மரம் அறுக்கும் வாள், உளிப் பை. அங்கேயும் நல்ல கூலிதானே, ஏன் வந்தீர்கள் என்று ராஜா கேட்டான்.

"அங்கே இப்போது பெரிய கதவு ஒன்று செய்யச் சொல்கிறார்கள், மகாராஜா" என்றான் வேம்பன்.