பெயர் பெயர்ந்த கல்

நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் சங்கிலி பிடித்துவிட்டு ஓய்வு பெற்றவர் மருதவாணன். அதற்குப் பிறகுதான் கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்த ஜெசிந்தாவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். அவள் அறைக்குள் வந்தால் எழுந்து நிற்பார்.

கீழ்மடையூர் ஏரியில், வயலுக்குத் தண்ணீர் விடும் தூம்பில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 'சாத்தன் மகள்' என்று தொடங்கும். பிறகு நாலைந்து எழுத்து அளவுக்குக் கல் பெயர்ந்துபோயிருக்கும். அப்புறம் 'செய்வித்த தூம்பு'. அவ்வளவுதான்.

அதை வைத்து மருதவாணன் நானூறு பக்கத்துக்கு ஒரு நாவல் எழுதினார். அந்தப் பெண்ணுக்கு ஆதிச்சி என்று பெயர் வைத்தார். பஞ்சத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவளாக்கினார். ஊரே வேண்டாம் என்றபோதும் அவளை ஒற்றை ஆளாக நின்று தூம்பு கட்ட வைத்தார். எல்லாம் அவருடைய கற்பனை.

நாவல் வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. கீழ்மடையூரில் இரண்டு பெண் குழந்தைகளுக்கு ஆதிச்சி என்று பெயர். தண்ணீர் திறக்கும் அன்று ஆதிச்சிக்குப் பொங்கல் வைக்கிறார்கள். போன வாரம் ஊராட்சித் தலைவி போனில் பேசினார்.

"கல்லு பேர்ந்த எடத்துல சிமெண்டு பூசி, அந்தம்மா பேரை வெட்டிரலாம்னு இருக்கோம். ஐயாதான் வந்து தொறந்து வைக்கணும்."

அன்று முழுக்க மருதவாணனுக்குக் கால் தரையில் படவில்லை. மறுநாள் காலையில் என்னவோ உறுத்தியது. நேரே ஜெசிந்தாவிடம் போனார்.

"சந்தோஷமாத்தான் இருக்கு டீச்சர். ஆனா அவ நான் கட்டிவிட்ட ஆளு. வேண்டாம்னு சொல்லவும் மனசு வரல. என்ன செய்யட்டும்?"

ஜெசிந்தா எழுந்து உள்ளே போனாள். கல்லின் மேல் தாளை ஒட்டி மை ஒற்றி எடுத்த படியைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள்.

"படிங்க ஐயா."

"இது எனக்கு மனப்பாடமாச்சே."

"பரவால்ல. வாய்விட்டுப் படிங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "சாத்தன் மகள் ஆதிச்சி செய்வித்த தூம்பு."

"இன்னொரு தடவை. வெரல் வெச்சு, எழுத்து எழுத்தா."

"சாத்தன் மகள்..."

விரல் நின்றது. அதன் கீழே எழுத்து இல்லை. திட்டுத் திட்டாக வெள்ளைதான் இருந்தது.

மருதவாணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நானே நம்பிட்டேனே, டீச்சர்."

"நல்லா எழுதியிருக்கீங்க. நாவலைப் படிச்ச பிறகு நானும் ரெண்டு தடவை இப்படித்தான் வாசிச்சேன்."

அவருக்கு வந்த பாராட்டுகளிலேயே அது பெரியது. கொஞ்ச நேரம் அதிலேயே இருந்தார். பிறகு கேட்டார்.

"அப்போ அந்தப் பேரே வேண்டாங்கிறீங்களா?"

"பொங்கல் வைக்கட்டும். பிள்ளைங்களுக்குப் பேர் வைக்கட்டும். ஏரிக்கரையில ஒரு பலகை வெச்சு, இது நீங்க எழுதின கதைன்னு போட்டுக்கட்டும். கல்லை மட்டும் தொட வேண்டாம்."

"பொய்ங்கிறதாலயா?"

ஜெசிந்தா தாளை மெல்லச் சுருட்டினாள்.

"அந்த எடம் காலியா இருந்ததாலதானே உங்களுக்கு ஒரு ஆதிச்சி கெடைச்சா? நீங்க அதை அடைச்சிட்டா, பின்னால வர்றவங்க எங்க போய்த் தேடுவாங்க?"