ஒரு மணி நேர மருந்து

"எந்த மவராசன் இந்த ட்ரிப்ஸை இப்படி இறுக்கி வச்சது? ஈரல் போயிரும்ங்கிறாங்க. இங்க அடுத்த சொட்டு விழறதுக்குள்ள ஒரு காபி குடிச்சிட்டு வந்திரலாம் போல!"

பேச்சிமுத்து அண்ணாச்சி போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

கட்டிலில் கிடந்த நாச்சியம்மை சிரித்தார். அண்ணாச்சிக்குத் தியானம் சொல்லித்தரும் குரு. வயதில் மகள் மாதிரி. வாழைக்காய் மண்டியில் கத்திக் கத்தியே ஆளான அண்ணாச்சி, குரலைத் தாழ்த்திப் பேசுவது இந்த ஒருவரிடம்தான்.

குருவுக்கு நேற்றுப் பல்வலி. சீடர்கள் ஆளுக்கொரு மாத்திரை கொண்டுவந்து நீட்டினார்கள். யார் மனசும் நோகக் கூடாதென்று எல்லாவற்றையும் வாங்கி விழுங்கி வைத்தார். அட்டைதான் வேறு வேறு. உள்ளே இருந்தது ஒரே பாராசிட்டமால். அளவு மீறினால் ஈரலைக் கெடுத்துவிடும்.

"எனக்கு ஒண்ணும் செய்யலையே" என்றார் நாச்சியம்மை.

"இப்ப செய்யாதும்மா. ஈரல் கெட்ட பிறகுதான் தெரியும். அதுக்கு முன்னாடி முறிமருந்து உள்ள போகணும்" என்றார் டாக்டர் முபீனா. "உங்க எடைக்குத் தக்க அளவு இது. முதல் பாட்டில் ஒரு மணி நேரம் இறங்கணும்."

"அரை மணி நேரத்துல முடிச்சிருவோம்" என்றார் அண்ணாச்சி.

"இது பேரம் பேசுற விஷயம் இல்ல அண்ணாச்சி."

"சரி, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். முக்கால் மணி நேரம்."

டாக்டர் அடுத்த வார்டுக்குப் போனார்.

"ட்யூப்ல சொட்டைக் கூட்டிக் குறைக்கிற அந்தச் சக்கரத்துல மட்டும் கை வச்சிராதீங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் ஜெபராணி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள்.

அண்ணாச்சி சொட்டைப் பார்த்தார். குரு கண்ணை மூடிக் கிடந்தார். மறுபடி சொட்டைப் பார்த்தார். உயிர் விஷயத்திலுமா இந்தக் கஞ்சத்தனம்?

ட்யூபில் இருந்த சின்னச் சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளினார்.

சொட்டு, நூலாக ஓடியது.

அப்பாடா என்று உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் குருவின் கழுத்து சிவந்தது. பிறகு முகம். கையைச் சொறிந்தபடி எழுந்து உட்கார்ந்தார். மூச்சு விசிலடித்தது.

"டாக்டரம்மா!"

முபீனா ஓடி வந்தார். மருந்தை அடைத்தார். மாஸ்க் வைத்தார். ஊசி போட்டார். விசில் மெல்ல அடங்கியது.

"இந்த இழவு மருந்தே வேண்டாம். கழட்டி எறியுங்க!"

"எறிஞ்சா ஈரலை யார் காப்பாத்துறது? வேகமா போனா இப்படித்தான் படுத்தும். நல்லா அடங்கட்டும், மெதுவா மறுபடி ஏத்தலாம்."

சொல்லிக்கொண்டே பாட்டிலைப் பார்த்தார். பாதிக்கு மேல் காலி. ஜெபராணியைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"நான் சரியாத்தான் வச்சேன் டாக்டர்."

"அப்ப தானா ஓடிச்சாக்கும்? இனி உன்னை நம்பி ஒரு பேஷண்டை விட முடியுமா?"

ஜெபராணிக்குக் கண் நிறைந்தது.

அண்ணாச்சி ஜன்னலைப் பார்த்தார். வெளியே பார்க்க ஒன்றுமில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

சிவப்பு வடிந்தது. மூச்சு சீரானது. டாக்டர் ட்யூபை எடுத்தார்.

"கையை நீட்டுங்கம்மா."

நாச்சியம்மை ஊசி ஏறிய கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"அம்மா, என்ன விளையாட்டு இது?" அண்ணாச்சி பதறினார். "நேரம் போகுது!"

"கை வரமாட்டேங்குது அண்ணாச்சி."

"நீங்க என்ன சொன்னாலும் செய்றேன். மௌன விரதம் இருக்கச் சொன்னீங்கல்லா? ஒரு வாரம் இருக்கேன். சரி, ஒரு மாசம். கையை நீட்டுங்க. ரெண்டு மாசம்மா!"

குரு சிரித்தார். சிரிப்பில் இருமல் வந்தது.

"உங்ககிட்ட நான் ஒண்ணும் கேக்கலையே."

பிறகு வார்டைப் பொதுவாக ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நான் கண்ணை மூடியிருந்தேன். சக்கரத்தைத் தள்ளினது யாருன்னு எனக்குத் தெரியாது. யாரா இருந்தாலும் என் மேல உள்ள பிரியத்துலதான் தள்ளியிருப்பாங்க. அவங்க வந்து, இந்த நர்ஸ் பிள்ளை முன்னால நின்னு, வாயைத் திறந்து இதைச் சரி பண்ணட்டும். சீக்கிரம் வரச் சொல்லுங்க. என் ஈரல் காத்துக்கிட்டிருக்கு."