சுடர் இருந்த இடம்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். ஆசிரமத்தை நடத்தும் ஞானாம்பிகை அம்மா. அவரைவிட இருபது வயது மூத்த சீடர் மாசிலாமணி. சமையல் பார்க்கும் செங்கமலம். தபாலை எடுத்துப்போக வந்து, மோருக்காக உட்கார்ந்துவிட்ட குப்பாண்டி.

மாசிலாமணி முன்பு லாரி ஓட்டியவர். ஒரு பக்க விளக்கு எரியாது என்று தெரிந்தும் வண்டியை எடுத்த ஓர் இரவில், சாலையோரம் நடந்துபோன ஒருவர்மேல் ஏற்றிவிட்டார். ஜெயிலுக்குப் போனார், திரும்பினார், இங்கே வந்து சேர்ந்தார். இப்போது, பதினோரு வருஷம் கழித்து, இறந்தவரின் மனைவி பொன்னுத்தாயிடமிருந்து மூலைகளில் மஞ்சள் தடவிய பத்திரிகை வந்திருக்கிறது. மகளுக்குக் கல்யாணம்.

நேரில் போக அவருக்குக் கால் எழவில்லை. தன் கையால் ஒரு வாழ்த்து அட்டையாவது செய்து அனுப்ப வேண்டும். அது இன்றைய தபாலில் போனால்தான் முகூர்த்தத்துக்குள் சேரும்.

ஆசிரமத்தில் அட்டை செய்யும் முறை எளிது. பெயிண்டர்கள் ஜன்னலோரம் ஒட்டும் காகித டேப்பை வேண்டிய உருவத்தில் வெட்டி, வெள்ளை அட்டையில் ஒட்டுவார்கள். மேலே பஞ்சால் வண்ணம் ஒற்றுவார்கள். காய்ந்ததும் டேப்பை உரித்தால், மூடிய இடம் வெள்ளையாக நிற்கும்.

மாசிலாமணி குத்துவிளக்கின் ஐந்து முகம்போலச் சுடர்களை வெட்டி வட்டமாக ஒட்டினார். சந்தன நிறத்தைத் தண்ணீராகக் கரைத்து, தொட்டும் தொடாமலும் ஒற்றினார். காயவைத்து உரித்தார்.

ஒன்றும் தெரியவில்லை.

"என்னண்ணே இது, வேட்டி அலசின தண்ணியா?" என்றாள் செங்கமலம்.

குப்பாண்டி எட்டிப் பார்த்தான். "சுடர் இருக்குதுங்க. நீங்க சொன்னாத்தான் தெரியுது."

மாசிலாமணி அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

அம்மா கேட்டார். "ஏன் அண்ணே இவ்வளவு வெளுப்பு?"

"கல்யாண வாழ்த்தும்மா. கறுப்பு ஆகாது."

"வேற யார் அனுப்பினாலும் ஆகாதுதான். நீங்க அனுப்பறது வேற."



அம்மா இன்னொரு வெள்ளை அட்டையை எடுத்து மாசிலாமணியின் முன்னால் வைத்தார். "ஒட்டுங்க."

ஒட்டினார். மறுபடி வெட்டிய சுடர்களின் ஓரங்களை நகத்தால் அழுத்தினார்.

"அந்த ராத்திரி எப்படி இருந்தது?"

அடுப்படியில் செங்கமலத்தின் கரண்டிச் சத்தம் நின்றது.

"அமாவாசைம்மா. கறுப்புன்னும் சொல்ல முடியாது. நீலம் அடியில கிடந்தது."

"அதைக் கரைங்க."

கரைத்தார்.  நீலத்தில் கறுப்பை விட்டார். போதவில்லை. இன்னும் விட்டார். சரியான நிறம் வந்ததும் அவருக்கே தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அந்த வீட்டுக்கு இதையா அனுப்பச் சொல்றீங்க?"

"ஒற்றுங்க அண்ணே. இடம் விடாதீங்க."

ஒற்றினார். அட்டை இருண்டது. டேப்பும் இருண்டது. எங்கே சுடர், எங்கே வெளி என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாம் ஒரே இரவாகிவிட்டது. கெட்டது, ஒன்றுக்கு இரண்டாகக் கெட்டது என்று நினைத்தார்.

அட்டையைக் காயவைத்தார். மோர் வந்தது. குப்பாண்டி குடிக்காமல் வைத்திருந்தான்.

"உரிங்க."

முதல் சுடரின் நுனியை நகத்தால் நெம்பி மெதுவாக இழுத்தார். வெள்ளை திறந்தது. அடுத்ததை உரித்தார். அடுத்ததை உரித்தார். வட்டம் முடிந்தபோது, அத்தனை இருட்டுக்கு நடுவே சுடர்கள் எரிந்துகொண்டிருந்தன. காற்றுப் பட்டால் அசையும் என்று தோன்றியது. செங்கமலம் கரண்டியோடு வந்து நின்றவள், தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மாசிலாமணி அம்மாவைப் பார்த்தார்.

"அம்மா, இந்த வெளிச்சத்தை நான் வரையலையே. எங்கேருந்து வந்தது?"

"வரலை அண்ணே. தாள்ல முதல்லயே இருந்தது. நீங்க போடற இருட்டு அதுமேல படாம பார்த்துக்கிட்டீங்க."

குப்பாண்டி அட்டையை உறையில் போட்டு வாங்கிக்கொண்டான். ஒரே மூச்சில் மோரைக் குடித்துவிட்டு சைக்கிளை எடுத்தான்.

பலகைமேல் உரித்த டேப்புத் துண்டுகள் கிடந்தன. ஒவ்வொன்றும் சுடர் வடிவம். ஒவ்வொன்றின் மேலும் அந்த ராத்திரியின் நிறம்.

"இதுகளை என்னம்மா செய்யறது?"

"அது பொன்னுத்தாய்க்கு இல்லை. உங்களுக்கு. ஒன்னுகூட விடாம எண்ணி வெச்சுக்குங்க."

மாசிலாமணி எண்ணினார்.

ஐந்து.