ஒரு விரல் சாய்வு

குருமார்கள் பெரும்பாலும் மலையடிவாரத்திலோ ஆற்றங்கரையிலோதான் அகப்படுவார்கள். பெர்னதெத் அகப்பட்டது அரியலூர்க் கடைவீதியில், ஒரு மருந்துக்கடையின் மாடியில். வயது முப்பத்து நான்கு. ஊரிலுள்ள பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுப்பது அவள் தொழில். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்தபின், அதே மேஜையில், அதே ஊசிகளையும் தூரிகைகளையும் வைத்துக்கொண்டு, கல்லுக்குள் கிடக்கும் கடல் பிராணிகளை வெளியே எடுப்பாள்.

அரியலூரில் அதற்காகக் கடலைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஏழெட்டுக் கோடி ஆண்டுக்கு முன்னால் கடலே வந்து தங்கியிருந்துவிட்டு, சாமான்களை எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டது.

சீடருக்கு வயது அறுபத்து மூன்று. பெயர் தில்லைநாயகம். முப்பத்தொரு வருஷம் சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவர். அவர் ஓய்வு பெற்ற மறு வருஷம் ரயில்வே அந்தப் பதவியின் பெயரை மேனேஜர் என்று மாற்றியது. அந்த உயர்வு அவருக்குக் கிடைக்கவில்லை. வண்டியின் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து, வண்டி கடந்து போன ஊர்களை மட்டும் பார்த்துக்கொண்டு வேலையை முடித்தவர்.

கோடை மழைக்குப் பிறகு ஓர் ஓடையில் அவருக்கு ஒரு கல் கிடைத்தது. மாங்காய் அளவு. ஒரு பக்கம் வரிவரியாக ஒரு சுருளின் விளிம்பு தெரிந்தது. அந்தப் பக்கத்து ஆட்கள் அதை நத்தைக்கல் என்பார்கள். அது நத்தை அல்ல. அம்மோனைட், கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தம். சொன்னால் அவர்கள் தலையாட்டிவிட்டு மறுபடி நத்தைக்கல் என்பார்கள். தில்லைநாயகமும் அப்படித்தான் சொன்னார்.

பெர்னதெத்தின் மேஜையைச் சுற்றி மூன்று நாற்காலிகள். ஒன்று அவளுக்கு. மற்ற இரண்டில் ஒரு வங்கிக் குமாஸ்தாவும் ஒரு கல்லூரி ஆசிரியரும் வாராவாரம் உட்கார்ந்தார்கள். நான்காவதாக ஒரு ஸ்டூல் இருந்தது. அதன்மேல் பல் அச்சு எடுக்கும் மாவு மூட்டை உட்கார்ந்திருந்தது. தில்லைநாயகம் நாலு ஞாயிறு நின்றுகொண்டே வேடிக்கை பார்த்தார். வாரத்தின் மற்ற ஆறு நாளிலும் அவரை நிற்கச் சொல்லக்கூட ஆள் கிடையாது.

ஐந்தாம் ஞாயிறு பெர்னதெத் அவர் கல்லைக் கையில் வாங்கிப் பார்த்தாள். இதை நீங்களே வீட்டில் சுத்தம் செய்து கொண்டுவாருங்கள், கெடுக்காமல் கொண்டுவந்தால் மூட்டையை இறக்கி வைக்கலாம் என்றாள்.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எதை எடுக்கணும், எதை விடணும்னு எப்படிம்மா தெரியும்?"

அவள் மரப்பிடி போட்ட ஒரு தையல் மெஷின் ஊசியை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

"எடுக்கிறதை எழுதி வைங்க. விழுற தூளைக் கொட்டாதீங்க."

"கேட்டதுக்குப் பதில்?"

"அதான் சார்."

குமாஸ்தா சிரித்தார். தில்லைநாயகத்துக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் கார்டு வேலையில் எழுதி வைக்காமல் எதுவும் நடந்ததில்லை என்பதால், அந்த உத்தரவு அவருக்குப் பழக்கமானதாகவே இருந்தது.

வீட்டில் அவர் மட்டும். மனைவி சௌந்தரவல்லி இறந்து இரண்டு வருஷம். குள்ளமான பெண்மணி, மெல்லிய குரல். ரயில் இரைச்சலில் அவருக்கு வலது காது மந்தமாகிவிட்டதால் எப்போதும் இடப்பக்கம்தான் நடப்பாள். அவள் பேசுவது கேட்க அவர் அந்தப் பக்கம் சாய வேண்டும். போன தீபாவளிக்குச் சட்டை தைக்கக் கொடுத்தபோது டெய்லர் நாடாவைக் கீழே வைத்துவிட்டு, "சார், இடது தோள் ஒரு விரல் இறங்கியிருக்கு. அதுக்குத் தகுந்தாப்ல தைக்கவா, நேராவே தைக்கவா?" என்று கேட்டான். நேராகவே தைக்கச் சொன்னார். அன்றிலிருந்து அவர் சட்டைகள் எல்லாம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கின்றன.

சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து வேலையைத் தொடங்கினார். மண் பழுப்பு நிறம். ஓடு சாம்பல் வெள்ளை. நிறம் மாறும் இடத்தில் ஊசி நிற்க வேண்டும். ஒரு மணி நேரம் சுரண்டினால் ஒரு நக அளவு வெளியே வரும். தூளை ஓர் ஊறுகாய் பாட்டிலில் சேர்த்தார். நோட்டில் தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், தாமதத்துக்குக் காரணம் என்று கட்டம் போட்டு எழுதினார். தாமதக் காரணம் பெரும்பாலும் கண் வலி. ஒரு நாள் மட்டும், 'காலிங் பெல். பக்கத்து வீட்டுக்கு வந்தவர்' என்று இருந்தது.

பதினோராம் நாள் இடைஞ்சல் ஒன்று வந்தது. சுருளின் இடப்பக்கத்தில், ஓட்டின் மேலேயே, புளியங்கொட்டை அளவில் ஒரு பொருக்கு. மண்ணைவிடக் கெட்டி. ஊசிக்கு அசையவில்லை. ஒரு நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது அங்கே இருக்கும்வரை சுருள் சுருளாகத் தெரியாது என்று அவருக்குத் தோன்றியது. மூன்று நாள் சிறு அரத்தால் தேய்த்துத் தேய்த்து, தூளாக்கி, பாட்டிலில் போட்டார்.

அது போன பிறகு கல் அழகாக இருந்தது. அவரே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொள்ள வேறு ஆள் இல்லை. ஒரே ஒரு குறை, சுருள் நேராக இல்லை. கோட்டம் விழுந்த சைக்கிள் சக்கரம் மாதிரி லேசாக ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. மண்ணின் பாரத்தில் நசுங்கியிருக்கும் என்று விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கல்லைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனார். குமாஸ்தா பார்த்துவிட்டு, நான் மூன்று வருஷமாக வந்தும் இப்படி ஒன்று கூட வரவில்லை என்று போட்டோ எடுத்துக்கொண்டார். ஆசிரியர் எழுந்து நின்றே பார்த்தார். தில்லைநாயகம் மாவு மூட்டையை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

பெர்னதெத் கல்லை வாங்கினாள். கண்ணுக்கு நேராக, விளிம்பு தெரியும்படி பிடித்துப் பார்த்தாள். திருப்பினாள். மறுபடி பார்த்தாள். கீழே வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து யாருடையதோ ஒரு கீழ்த்தாடையின் மாவு அச்சை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இதுல எந்தப் பல் போயிருக்கு, சொல்லுங்க."

எல்லாப் பல்லும் இருப்பதுபோலத்தான் தெரிந்தது. பொக்கை என்று ஒன்றும் இல்லை. அவர் விரலால் ஒவ்வொன்றாக, வேகன் எண்ணுவதுபோல எண்ணிக்கொண்டு போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இங்க."

"இடைவெளி இல்லையே. எப்படிச் சொல்றீங்க?"

"பக்கத்துப் பல் இந்தப் பக்கமா சாஞ்சிருக்கே."

அவள் அச்சை வாங்கி மேஜைமேல் வைத்தாள். அதன் பக்கத்தில் அவருடைய கல்லை, விளிம்பு அவரைப் பார்க்கும்படி நிறுத்தி வைத்தாள்.

கீழே மருந்துக்கடைக்காரர் யாருக்கோ மாத்திரை சாப்பிடும் நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நோட்டு இருக்கா சார்?"

இருந்தது. படிக்கச் சொன்னாள். அவர் பதினோராம் நாளில் தொடங்கும் பக்கத்தைத் தேடி எடுத்து, நிலையத்துக்கு நிலையம் அறிக்கை கொடுக்கும் குரலில் படித்தார். "இடப்பக்கம் ஒரு பொருக்கு. புளியங்கொட்டை அளவு. மேலே மடிப்பு மடிப்பாக. எண்ணியதில் ஏழு. ஒரு ஓரம் உடைந்ததில் உள்ளே வழவழப்பு." அங்கே நிறுத்திவிட்டு நோட்டைக் கீழே வைத்தார். அந்தப் பக்கத்தின் கடைசி வரியில், 'அகற்றப்பட்டது' என்று இருந்தது.

"சிப்பி," என்றாள் பெர்னதெத், தாழ்ந்த குரலில். அவர் இடப்பக்கமாகச் சாய்ந்து கேட்டார். "இது உசிரோட திரியறப்பவே வந்து ஒட்டியிருக்கு. அதைச் சுமந்துகிட்டேதான் இது வளர்ந்திருக்கு, அதுக்குத் தகுந்தாப்ல ஒதுங்கி ஒதுங்கி. ஏழு மாசமோ ஏழு வருஷமோ, தெரியாது."

"நசுங்கினதுன்னு நினைச்சேன்."

"இல்ல சார்."

திரும்ப ஒட்ட முடியுமா என்று அவர் கேட்டார். அவள் ஊறுகாய் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஓடையின் மண், கல்லின் தோல், சிப்பி எல்லாம் ஒரே நிறத்தில், பாதி பாட்டில் வரைக்கும் இருந்தன.

"பல்லுன்னா செஞ்சு குடுத்துடுவேன்," என்றாள்.

தில்லைநாயகம் துண்டை விரித்துக் கல்லை எடுத்து வைத்தார். பாட்டிலையும் அதன் பக்கத்தில் வைத்தார். குமாஸ்தா தன் செல்போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு தன் கல்லைப் பார்க்கத் தொடங்கினார். முடிச்சுப் போட்டு முடித்ததும், இனி ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வது என்று தெரியாமல், தில்லைநாயகம் அந்த முடிச்சை இன்னொரு முறை போட்டார்.

பெர்னதெத் எழுந்து போய் மாவு மூட்டையை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் வைத்தாள். வெள்ளைத் தூசி கிளம்பியது. ஸ்டூலைத் துணியால் துடைத்தாள்.

"உட்காருங்க சார். கல்லு வைக்கிற பெட்டிக்குள்ள போடச் சீட்டு எழுதணும்."

அவர் நின்றார். அவள் ஸ்டூலைக் காலால் அவர் பக்கம் நகர்த்தினாள். உட்கார்ந்தார். அவள் கொடுத்த அட்டையில் பெயர், ஓடை, கிடைத்த தேதி, சுத்தம் செய்தவர் என்று ஒவ்வொன்றாக எழுதினார். கார்டு கையெழுத்து; ஓடும் வண்டியில் எழுதிப் பழகியது, நிற்கும் இடத்திலும் கொஞ்சம் ஆடியது.

"கீழ இன்னொரு வரி," என்றாள் அவள். "உடன் ஒரு சிப்பி. இடப்பக்கம். ஏழு மடிப்பு."

பேனா அட்டைக்கு மேலே நின்றது. சட்டை தோளில் இழுத்தது. அவர் அதைச் சரி செய்யவில்லை.

"இப்ப அது இல்லையேம்மா."

"சாய்வு இருக்கே, சார். எழுதுங்க."