நத்தை ஆய்வேட்டின் நூற்பட்டியல்

நத்தையின் வேகத்தைப் பற்றி ஏழு வருடமாக ஆராய்ந்துகொண்டிருந்தார் குஞ்சிதபாதம். அதற்குள் நத்தையே நடந்து மதுரைக்குப் போய்த் திரும்பியிருக்கும். அன்று மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டைக் கல்லூரி அலுவலகத்தில் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஏழு வருடமும் கோவிந்தா.

உதவிக்கு வந்தவர்கள் துறையின் மற்ற இரண்டு அறிவாளிகள், எஸ்தரும் பக்கிரிசாமியும். வழிகாட்டிப் பேராசிரியர் கட்டளை போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

"நூற்பட்டியலை மென்பொருள்ல ஏத்திடுங்க. படிச்சதுல ஒண்ணுகூட விடக்கூடாது. படிக்காதது ஒண்ணுகூட இருக்கக்கூடாது."

மென்பொருளில் ஏற்கெனவே நூற்று நாற்பது கட்டுரைகள் இருந்தன.

"இதுல எதையாவது நாம படிச்சிருக்கோமா?" என்றார் குஞ்சிதபாதம்.

மூவரும் நெஞ்சில் கைவைத்து யோசித்தார்கள். நேர்மைக்குப் பேர்போனவர்கள். நூற்று நாற்பதையும் அழித்தார்கள்.

பிறகு, உண்மையிலேயே படித்தவற்றை ஏற்றத் தொடங்கினார்கள். பஸ் டிக்கெட், எஸ்தரின் நாத்தனார் கல்யாணப் பத்திரிகை, இருமல் மருந்து பாட்டில், வடை மடித்து வந்த தாள்.

"வடைத்தாளுக்கு ஆசிரியர் யாருன்னு கேக்குது," என்றார் எஸ்தர்.

"வடை போட்டவர்தான். வேற யாரு?" என்றார் பக்கிரிசாமி.

"வெளிவந்த ஆண்டு?"

குஞ்சிதபாதம் தாளை முகர்ந்து பார்த்தார். "எண்ணெய் ரொம்பப் பழசு. ரெண்டாயிரத்துப் பதினெட்டுன்னு போடுங்க."

இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகளோடு அச்செடுத்து, ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அலுவலகத்துக்கு ஓடினார்கள். எழுத்தர் கையை நீட்டினார். அந்த நேரம் பார்த்துக் குஞ்சிதபாதத்தின் கண் கதவில் தொங்கிய அட்டையில் விழுந்தது: 'ஐந்து மணிக்கு மேல் ஆய்வேடு பெறப்படாது.'

"ஐயையோ, படிச்சிட்டேனே!"

"நானுந்தான்," என்றார்கள் மற்ற இருவரும்.

"சார், குடுத்துட்டுப் போங்க சார்!" என்று எழுத்தர் கத்தக் கத்த, மூவரும் மாடிக்குத் திரும்பி ஓடினார்கள். அட்டைக்கு ஆசிரியர் முதல்வரா, எழுதிய பெயின்டரா என்று காரசாரமாக விவாதித்தார்கள். பெயின்டர் ஜெயித்தார்.

ஐந்தே காலுக்கு இறங்கி வந்தால் கதவில் பூட்டு.

"நல்லவேளை, அட்டை கண்ணுல பட்டுது. இல்லேன்னா பட்டியல் அரைகுறையாப் போயிருக்கும்," என்று குஞ்சிதபாதம் நெற்றி வேர்வையைத் துடைத்தார்.

பூட்டில் பொடியாக ஏதோ எழுதியிருந்தது.

"யாரும் படிக்காதீங்க!" என்று அலறினார் எஸ்தர்.

பக்கிரிசாமி அதற்குள் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்.